உம்மாவின் பொத்திய கை

மார்ச் 9, புதன்
விடிய லேசான மழை. ஐந்தேமுக்காலுக்குத் தங்கச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. உம்மா மௌத்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்கச்சி வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதாள். "சுபஹு பாங்கு சொல்லக்குள்ள நான்தான் ராத்தா, உம்மாட வாயில தண்ணி வெச்ச நான். உம்மா கலிமா சொல்லிக்கிட்டே போனா."

உம்மாவின் வாய் திறந்திருந்தது. நாடியைக் கட்டப் பார்த்தோம், மூடவில்லை. வலது கை பொத்தியபடி, நான் தொட்டபோதே விறைத்திருந்தது. குளிப்பாட்ட வந்த பொம்பிளை சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மச்சான், தங்கச்சியின் புருஷன், இறக்காமத்து வட்டை வயலிலிருந்து மத்தியானம்தான் வந்தார். நேற்று இரவும் அங்கேதான், யானைக் காவல்.

மார்ச் 11, வெள்ளி
தங்கச்சி வீட்டில் மூன்றாம் நாள் கத்தம் ஓதினார்கள். வெயில். தலைவலி.

குசினியில் வெங்காயம் உரித்தவர்களின் பேச்சு: "கையப் பொத்திக்கிட்டுப் போயிரிக்கா. மூத்த மகளப் பொருந்தாம, மன்னிக்காமத்தான் போயிரிக்கா."

தங்கச்சி பக்கத்தில்தான் இருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று கிழமையாக நான் உம்மாவைப் பார்க்கப் போகாதது உண்மை. விடைத்தாள், சளி, சோம்பல். வீடு தங்கச்சிக்கு, உம்மாவும் தங்கச்சியோடு என்று பேசி முடித்ததும் நான்தான்.

மார்ச் 14, திங்கள்
பள்ளிக்கூடம். உயர்தர வகுப்பு விலங்கியல். அடுத்த பாடம் எது என்று தெரிந்துகொண்டேதான் வகுப்புக்குள் போனேன். தசை.

வெண்கட்டியால் வரைந்தேன். தசைக்கலத்துக்குள் சிறுவலை, அதற்குள் கல்சியம். நரம்பு சொன்னால் வெளியே விடும், தசை சுருங்கும். தளர வேண்டுமானால் கல்சியம் முழுவதையும் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கும் பம்பி வேலை செய்ய ஏ.ரீ.பி. என்ற எரிசக்தி வேண்டும். மூச்சு நின்றால் ஏ.ரீ.பி. மெல்ல மெல்லத் தீரும். பம்பி நிற்கும். கல்சியம் கசிந்து வெளியே வரும். சுருங்கினது விடுபடாது.

ஒரு பிள்ளை கேட்டது, உடனே விறைக்குமா டீச்சர் என்று. இல்லை, முதலில் உடம்பு தளர்ந்துதான் இருக்கும், சில மணித்தியாலம் கழித்துத்தான் தாடை, பிறகு கை கால் என்றேன். சொன்ன பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

ஆறு மணிக்கே விரல் விறைத்திருந்தது. ஐந்து மணிப் பாங்குக்குப் போன உயிர் இல்லை அது. தண்ணீர் வைக்க யாரும் இருக்கவில்லை. உம்மா தனியாகப் போயிருக்கிறா.

தங்கச்சியின் மகள் நஸீரா இரண்டாம் வரிசை வாங்கில் இருந்தாள். குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15, செவ்வாய்
வாங்க: சிவப்பு மை, மண்ணெண்ணெய், சவர்க்காரம்.

ஏழாம் கத்தம். தங்கச்சியைத் தனியே பிடித்துக் கேட்டேன், எத்தனை மணிக்கு எழும்பினாய் என்று.

"பாங்குக்கு முன்னமே எழும்பிட்டன். ஏன் கேக்கிறீங்க?"

சும்மா என்றேன். பிளேன்டி ஊற்றித் தந்தாள். நித்திரை போனதற்கு நான் கோபிக்க மாட்டேன். யாரும்தான் நித்திரை கொள்வார்கள். அந்தப் பொய்யை வைத்து நல்ல மகள் பட்டத்தை வாங்கிக்கொண்டு, பொருந்தாத பழியை என் தலையில் விட்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கை பொத்தியது கோபமில்லை, விறைப்பு என்று உண்மையைச் சொன்னால் என் பேர் சுத்தமாகும். அவள் பேர் நாறும். ஊர் விளங்கிக்கொள்ளுமா என்பது வேறு.

மார்ச் 18, வெள்ளி
வகுப்புப் பரீட்சை. காற்று. மூன்றாம் கேள்வி: இறந்த உடலின் தசை விறைப்பது ஏன்? வேறு கேள்வி போட்டிருக்கலாம். போடவில்லை.

மார்ச் 20, ஞாயிறு
திருத்தல். அரைவாசிப் பேர் கல்சியத்தை எலும்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

நஸீராவின் விடை முழுவதும் சரி. சிறுவலை, பம்பி, ஏ.ரீ.பி., ஒன்றும் விடவில்லை. கடைசியில் கேட்காத ஒன்று: 'கை விறைக்கப் பல மணித்தியாலம் செல்லும். அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் பாங்குக்குப் பிறகுதான் எழும்பினோம்.'

அழுதேன். பிறகு பத்துக்குப் பத்து போட்டேன். அடியில் சிவப்பு மையால் எழுதினேன்: உன் உம்மாவிடம் காட்டிக் கையொப்பம் வாங்கி வரவும்.