நிமிர்ந்தவளைக் குனிய வைக்காதே

மாரியம்மன் துணை

பூண்டுலோயா
12.2.1961

அன்பு மகன் சோலைமலைக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சி பூரணியும் சுகம், நீயும் அந்தக் கொழும்பு வெக்கையில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பீடிதான் குறையவில்லை.

நாங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகிற பிள்ளைக் காம்பரா சுவரில் நீ வரைந்த படத்தில் நிமிர்ந்து நிற்கிறவளை, லீவில் வந்து மற்றப் பெண்களைப் போலவே குனிய வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் மிரட்டலை அப்பாதான் உனக்கு எழுதியிருப்பார், பயந்த மனுஷன். தேயிலைக் கொழுந்து பறிக்கிற நிரையில் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்றால் அது ஸ்ட்ரைக் படமாம், தோட்டத்துத் தொரை வருவதற்குள் அவளைக் குனிய வைக்காவிட்டால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். கூடைக் கயிற்றைச் சரிசெய்யத்தான் அவள் நிமிர்ந்தாள் என்று மலையில் கூடை சுமக்கிற எவளுக்கும் தெரியும், அதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அந்தச் சாக்கைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிமிர்வதற்குக்கூடக் காரணம் சொல்ல வேண்டுமா? அவ நிமிந்துதாங்க நிப்பா என்று சொல்லிவிட்டேன். முழு நாள் பறித்தும் அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார், அரை நாள் சம்பளம்தான், போடட்டும். அவளுக்கு என் மூக்குத்தியை வேறு போட்டுவிட்டிருக்கிறாய்.

ஒரே மாதிரி முதுகுகள் வரிசையாகப் போனால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும், ஓர் இடத்தில் மாறினால்தான் படத்துக்குத் தாளம் வரும் என்று நீ சொன்னபோது புரியாமல்தான் தலையாட்டினேன். இப்போது அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா அழகம்மா சொல்கிறாள், நடை பழகுகிற பிள்ளைகள் அந்த முதுகுகளின் மேல் கையை ஓட்டிக்கொண்டே போய், நிமிர்ந்தவளிடம் வந்ததும் நின்று அண்ணாந்து பார்க்கின்றனவாம். காமன் கூத்தில் தப்பு மேளத்தின் எல்லா அடியும் ஒரே மாதிரி விழுந்தால் எவன் ஆடுவான்? அவளையும் குனிய வைத்தால் அது படமில்லை, கண்டாக்கையா பேர் போடுகிற செக்ரோல்தான்.

நேற்று சுவரை வெள்ளையடிக்க வேலையாள் வீரய்யா கையில் சுண்ணாம்பு வாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். பால் கொடுக்க வந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், நானும் உட்கார்ந்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நாளைக்குத் தொரை வருகிறார், என்ன நடக்குமோ தெரியாது. அவர்கள் அழித்தால் அந்தப் பாவம் அவர்களோடு போகட்டும். என் மகன் கையால் அவள் குனியக் கூடாது.

நல்லா இரு சாமி, நூறு வயசுக்கு இரு. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. சுவரை வெள்ளையடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் பெயிண்டோடு வா, இல்லாவிட்டால் வெறுங்கையோடு வா.

உன் அம்மா
வீரம்மா