அம்மா பார்க்கும் எண்கள்

அக்டோபர் 6, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். கணக்கு டெஸ்ட், மூன்று கணக்கு விட்டேன். முன் பெஞ்சுக்கு மாறியும் போர்டு மங்கல்.

சர்க்கரை, காலை, சாப்பிடும் முன்: மீட்டரில் 296. ஆப்பில் 118.
இரவு, சா.மு.: மீ. 331. ஆ. 124.

இரண்டும் சேர்ந்து இருப்பது இந்த நோட்டில் மட்டும். சோஷியல் நோட்டின் கடைசிப் பக்கங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஏன் ஆரம்பித்தேன் என்று எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. ஆகஸ்டில் என் கிளாஸ் பவானி பிறந்தநாள். கேக் ஒரு துண்டு, அப்புறம் இன்னொன்று. வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்தால் 380. அப்படியே அம்மாவின் போனில், ஆஸ்பத்திரி ஆப்பில் போட்டேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நிறம் தெரியும். நூற்றெண்பதைத் தாண்டினால் சிவப்பு. பார்த்தாள். திட்டவில்லை. அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் 290. அன்றும் சாப்பிடவில்லை. நான் சிவப்பானால் பட்டினி என்று சாமியிடம் சொல்லியிருக்கிறாளாம். நைனா அவளிடம் சண்டை போட்டபோது காதில் விழுந்தது. மூன்றாம் நாள் மாவு அரைக்கும்போது கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவு 274. நான் 142 என்று அடித்தேன். பச்சை. அம்மா இரண்டு தோசை சாப்பிட்டாள்.

அவ்வளவுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

மீ. 312. ஆ. 109. (இரவு குத்தவில்லை. 121 என்று போட்டேன்.)

நாலரைக்கு வீடியோ கால். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை சத்தியவேட்டிலிருந்து பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போவோம், ஒரு நாள் பள்ளிக்கூடம் வீணாகும். இப்போது எல்லாம் போனில்தான். மாதவி அக்கா அந்த ஆஸ்பத்திரியில் சர்க்கரை நர்ஸ். பாதி தெலுங்கு, பாதி தமிழ். என் சார்ட்டைத் திரையில் காட்டினார். எல்லாம் பச்சை, புல் முளைத்த மாதிரி. "சால பாகுந்திம்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். ராத்திரி பாத்ரூம் எழுந்து போகிறாயா? இல்லை. தாகம்? இல்லை. எடை? அதே எடை.

(நாலு தடவை போகிறேன். யூனிஃபார்ம் இடுப்பில் பின் குத்தியிருக்கிறேன்.)

டாக்டரைக் கேட்டுவிட்டு இன்சுலின் டோஸைக் குறைத்தார். காலை 18 யூனிட் இருந்தது, போன மாதம் 16, இன்று 14. அம்மாதான் ஊசியில் கோடு எண்ணி மருந்து ஏற்றுவாள், பாட்டிலைப் பிரிட்ஜில் வைப்பதும் அவள்தான். அதனால் 14 என்றால் 14தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் மீட்டிங்கில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். காலேஜ் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் வருவார்களாம். எப்படிக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். சரி என்றேன்.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா கால் முடிந்ததும் சாமி படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாள். நெடுநேரம் எழவில்லை.

அக்டோபர் 8, புதன்

மீ. 347. ஆ. 115.
மீ. 366. ஆ. 130. (ஒரே மாதிரி போடக் கூடாது. ஒருநாள் 150 போட வேண்டும்.)

மூன்று பாட்டில் தண்ணீர். பி.டி. பீரியடில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பவானி: "பஞ்சாயத்து டேங்க்கு காலியாச்சுன்னு எங்க தெருவுல கத்திக்கினு கீறாங்க. நீதானா அது?" சிரித்தேன். சிரிப்பு வரவில்லை, வாய் மட்டும்.

ஆப் குரூப்பில் ஒருவர், புத்தூரில் காலேஜ் படிக்கிறவர், எனக்கு எழுதியிருந்தார். உங்க சார்ட்டை அக்கா எங்களுக்குக் காட்டினாங்க, எனக்கு 250க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது, என்ன பண்றீங்க? பத்து நிமிடம் யோசித்தேன். "தினமும் நடப்பேன்" என்று எழுதினேன். கைகூப்பும் எமோஜி அனுப்பினார்.

பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. கால் விரல் மட்டும் சில்லென்று.

அக்டோபர் 9, வியாழன்

மீ. 371. ஆ. 112.

வெயில். வாய் காய்ந்து நாக்கு ஒட்டுகிறது. இங்கிலீஷ் மெமரி போயம் ஒப்பிக்கவில்லை, நிற்க வைத்தார்கள். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்தேன்.

நைனாவுக்கு இன்று ஆஃப். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, வாரம் ஒருநாள்தான் பகலில் வீட்டில் இருப்பார். அவர் சாப்பிடும்போது அம்மா சொன்னாள். சனிக்கிழமை புரட்டாசிக் கடைசி சனி. மூன்று பேரும் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்து திருமலை ஏறுவது. அன்றிலிருந்து எனக்கு ஊசி கிடையாது. அப்படித்தான் வேண்டுதல்.

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கினு செய்யலாமே."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. பதினெட்டு இருந்தது பதினாலு ஆச்சே, அது யார் கொறச்சது? அவங்களா? சாமி கொறச்சாரு."

நைனா என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, ஒடம்பு நல்லா கீதா?"

நல்லா இருக்கு நைனா என்றேன்.

மாதவி அக்கா முதல் மாதமே சொன்னது: உன் உடம்பு இன்சுலினைச் செய்யாது, வெளியிலிருந்துதான் போக வேண்டும். காய்ச்சலானாலும், பண்டிகையானாலும், ஒருநாளும் விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்று அன்று கேட்டேன். அதையும் சொன்னார். இங்கே எழுதவில்லை.

இரவு: மீ. 389. ஆ. 119.

அக்டோபர் 10, வெள்ளி

காலை ஊசி போட்டுவிட்டு "இதான் கடைசி" என்றாள். கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான்.

பள்ளிக்கூடம் போகவில்லை. இரண்டு தடவை வாந்தி. வெயில் சூடு என்றாள், மோர் கொடுத்தாள்.

பையில் எடுத்து வைத்தது: மஞ்சள் துணி, கற்பூரம், படிக்குப் பூச மஞ்சள் குங்குமம், எனக்குப் புதுப் பாவாடை, இரண்டு துண்டு, போர்வை, புளிச்சோறு டப்பா. மீட்டரை நானே போட்டேன், சும்மா இருக்கட்டும் என்று. மருந்து பாட்டில் இல்லை. பிரிட்ஜ் கதவில் அது இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாள்.

மணி ஏழு. மீ. 438.

ஆப்பில் இன்னும் அடிக்கவில்லை. இரவு ஊசியும் கிடையாது என்றுவிட்டாள். அம்மா அடுப்படியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு ஏறி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும், அதனால் இன்று நிறைய வைத்துக்கொண்டிருக்கிறாள். கருணைக்கிழங்கு வறுவல். ரசம்.

அவள் முடிக்கட்டும்.

அக்டோபர் 11, சனி

திருப்பதி. ஆஸ்பத்திரி. இடது கையில் டிரிப். வலது கை சும்மா இருப்பதால் எழுதுகிறேன்.

நேற்று அவள் கை கழுவும் சத்தம் கேட்டதும் 438 என்று அடித்து அனுப்பினேன். முழுத் திரையும் சிவப்பு. நாலு நிமிடத்தில் மாதவி அக்கா கால். ஸ்பீக்கரில் போட்டேன். ஈரக்கையோடு அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நம்பர் தப்பா அடிச்சிட்டியாம்மா?"

"இல்லக்கா. இதுக்கு முன்னாடி அடிச்சதுதான் தப்பு."

எத்தனை நாளாக என்றார். ஆகஸ்டிலிருந்து என்றேன். வாந்தி உண்டா, மூச்சு வாங்குகிறதா, கடைசி ஊசி எப்போது என்று வரிசையாகக் கேட்டார். அம்மாவிடம் தெலுங்கில் பேசினார். இப்போதே ஒரு ஊசி போடுங்கள், எத்தனை யூனிட் என்று நான் சொல்கிறேன், போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். அம்மா பிரிட்ஜின் அடித்தட்டிலிருந்து, கீரைக்குப் பின்னாலிருந்து, பாட்டிலை எடுத்தாள். கோடு எண்ண முடியாமல் ஊசியை என்னிடம் நீட்டினாள். நான் எண்ணினேன்.

எதிர்வீட்டுக் கார். நாகலாபுரம் தாண்டி மறுபடி வாந்தி. அதற்குப் பிறகு நினைவில்லை.

நைனா கம்பெனிச் சட்டையோடேயே வந்திருக்கிறார். மலைக்குப் போகவில்லையே நைனா என்றேன். "அப்புறமா போலாம். அவர் எங்கியும் போவமாட்டார்."

காலையில் மாதவி அக்கா வார்டுக்கு வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டாமா என்று கேட்டேன். "பேசணும். இதைப் பேசு" என்றார். பேசுவேனா, தெரியவில்லை.

அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நைனா வாங்கி வந்த இட்லிப் பொட்டலம் மடியில். எட்டு மணிக்கு வாங்கியது. இப்போது பதினொன்று.

நர்ஸ் வந்து விரலில் குத்தினார். 246. அவர் போனதும் அம்மா எழுந்து வந்தாள்.

"எவ்ளோ?"

சொன்னேன்.

"இது நெஜமா?"

"நெஜந்தான்."

"செகப்பா?"

"செகப்புதாம்மா."

நின்றாள். என் விரலில் இருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்து அழுத்தினாள். பிறகு கீழே உட்கார்ந்து பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள்.

ஒரு இட்லி. சட்னி தொடவில்லை. இப்போது இரண்டாவதைப் பிய்க்கிறாள்.