மாமாவின் தாடை

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர்,
12.3.1964

அன்பு மகள் திலகவதிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் சுகம்தான் எங்களுக்குக் கவலை. லண்டனில் உன் கீழ்த்தாடையை அறுத்துப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தப் போகிறார்கள் என்று படித்ததும் அப்பா தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பற்கள் சேராமல் நீ சோற்றை மென்று விழுங்கப் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழகாகிவிடுவாய் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதே.

வாய்க்குள் அறுக்கும் காயம் சீழ் பிடிக்காமலிருக்கக் கத்தி படுமுன்பே பெனிசிலின் தொடங்குவார்கள் என்று எழுதியிருந்தாய், அது சரி. ஆனால் உன்னோடு தங்கியிருக்கும் ரஷீதா, வீக்கம் வடிந்ததும் மருந்தை நிறுத்திவிடு, உடம்புக்குச் சூடு என்றாளாம், நீயும் அப்படியே செய்யப்போகிறாயாம். பக்கத்து வீட்டு அன்னம்மாவும் அதையேதான் சொல்கிறாள், புண்ணு ஆறிட்டா மருந்து என்னாத்துக்கு டீச்சர், எளநி குடிக்கச் சொல்லுங்கலா, சூடு எறங்கிடும் என்று. லண்டனில் எந்தக் கடையில் இளநீர் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பி மருதப்பன் ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போனான் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காய்ச்சல் ஒரு கடைவாய்ப்பல்லில் தொடங்கியது. பல்லைப் பிடுங்கிய இடம் சீழ் வைத்து, தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. உன் அப்பா மருந்துக்கு அலையாத இடமில்லை, கிடைக்கவில்லை. அவனால் வாய் திறக்க முடியவில்லை, நீ எட்டிப் பார்த்தபோது, குழந்தை பயந்துவிடும், தூக்கிக்கொண்டு போ என்று எனக்குக் கையைக் காட்டினான். போர் முடிந்து பெனிசிலின் இங்கே வந்தபோது அவன் இல்லை. ஆகவே உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை முடி. தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவரிடம் சொல், நீயாக எதையும் முடிவு செய்யாதே. பல்லைக் கம்பியால் கட்டியிருக்கும்போது கஞ்சித் தண்ணீரானாலும் வேளைக்குக் குடி.

சாமியிடம் கேட்க எனக்குப் பழக்கமில்லை, அப்பா கேட்டுக்கொள்கிறார், நீ நோயற்று நெடுநாள் இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அறுக்குமுன் முகத்தைப் பக்கவாட்டில் படம் எடுப்பார்கள் என்றாயே, அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கி அனுப்பு. உன் தாடை என் தம்பியுடையது. அவன் படம் ஒன்றுகூட இந்த வீட்டில் மிஞ்சவில்லை.

உன் அம்மா,
சௌந்தரவல்லி