கடித்து வைத்த ரொட்டி

அல்மாட்டி
4 செப்டம்பர் 1998

அன்புள்ள கலம்காஸ் அக்காவுக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதினால் ஏதோ காரியமாகத்தான் என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. காரியம்தான் அக்கா.

படம் எடுக்கப் போகிறேன். சோப்புக்கும் பற்பசைக்கும் விளம்பரம் எடுத்துக் காலம் தள்ளியது போதும். இது எங்களைப் பற்றிய படம். மாணவர் விடுதியின் அந்த மூலை அறை, உங்கள் தம்பி தொலெகென், நான், மற்ற மூன்று பேர். உலகத்தைத் திருத்தப் புறப்பட்ட ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜீன்ஸ்தான் இருந்தது. எவனுக்குக் காதலியைப் பார்க்கும் நாளோ, அன்று அது அவனுக்கு. 'இந்த அறையில் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை' என்று தொலெகென் கதவில் எழுதி ஒட்டியிருந்தான். அப்படியே நாடும் ஆகிவிடும் என்று நம்பினோம், அக்கா. நிஜமாகவே நம்பினோம்.

பிறகு எண்பத்தாறின் அந்த டிசம்பர். மாஸ்கோ தன் ஆளை எங்களுக்குத் தலைவராக வைத்ததை எதிர்த்து, படுக்கை விரிப்பைக் கிழித்து வாசகம் எழுதி, கிதாரோடு பாடிக்கொண்டே சதுக்கத்துக்குப் போனோம். படை வந்தது, கூட்டம் சிதறியது. அதற்குப் பின் அவனைப் பார்த்தவர் யாருமில்லை.

கதையை இத்துடன் முடிக்கிறேன். கடைசிக் காட்சியில் அவன் பனியில் விழுந்து சாகிறான். தொடக்கத்தில் உங்கள் வீட்டு ரொட்டி வருகிறது. ஊருக்குப் புறப்படுகிறவன் ஒரு கடி கடித்துவிட்டுப் போக, மீதியைத் திரும்பி வந்து தின்னட்டும் என்று அம்மா துணியில் கட்டித் தொங்கவிட்டாளே, அதுதான். அவனாக நடிக்க நுர்தாய் என்று ஒரு பையன் கிடைத்திருக்கிறான். தொலெகென் என்ற பெயரையே வைக்கலாமா? அம்மாவின் ஆசி வேண்டும்.

என்றும் உங்கள் பரட்டைத் தலையன்,
மக்சுத்

கர்கராலி
20 செப்டம்பர் 1998

அன்புத் தம்பி மக்சுத்துக்கு,

உன் கடிதம் வந்ததும் அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "யாரு, அவன்கிட்டேர்ந்தா?" என்றாள். பன்னிரண்டு வருஷமாக மின்சாரக் கட்டணச் சீட்டு வந்தால்கூட இதே கேள்விதான். "இல்லம்மா, மக்சுத்" என்றேன். "அந்தப் பரட்டையா? முடி வெட்டினானா இல்லையா?" என்றாள். முடி கொட்டிப்போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன், அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் விட்டுவிட்டு. ஜீன்ஸ் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் இருவரும் தோள்வரை முடியோடு விடுமுறைக்கு இங்கே வந்தபோது, ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு முற்றம் முழுக்கத் துரத்தினாளே, நினைவிருக்கிறதா? "நில்லுடா! பண்ணைக்கு இந்த வருஷம் ரோமம் குறையுதாம்!" நீ கூரைமேல் ஏறிக்கொண்டாய். சிரித்து முடித்ததும் அவள் நிமிர்ந்து, சுவரில் தொங்கும் அந்த மூட்டையைப் பார்த்தாள்.

ஆமாம், ரொட்டி இன்னும் இருக்கிறது. எத்தனையோ முறை வெள்ளையடித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் அந்த ஆணியைச் சுற்றித்தான் அடித்தோம். வெள்ளிக்கிழமைதோறும் செத்தவர்களுக்காக ஏழு ரொட்டி எண்ணெயில் சுட்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவாள். அப்பா பெயர் உண்டு, பாட்டனார் பெயர் உண்டு, அவன் பெயர் கிடையாது. "அவனையும் சேர்த்துக்கயேன்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியோடு அதன்பின் பேச்சே இல்லை.

படம் எடு, தம்பி. ஆனால் பெயர் வேண்டாம். அவனைக் கொல்லவும் கொல்லாதே. இங்கே கலைமன்றத்துக்கு எல்லாப் படமும் வரும், அம்மாவை என்னால் தடுக்க முடியாது. அவன் இல்லை என்பதை அவள் உன் படத்திலிருந்து தெரிந்துகொண்டால், என்னால் உன்னை மன்னிக்க முடியாது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அக்கா
கலம்காஸ்

அல்மாட்டி
17 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் கோபம். நடந்ததைச் சொல்லத்தானே படம், அதிலும் பொய்யா என்று உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டேன். எங்கள் அறைக்காரன் ஒருவன் இப்போது வங்கி வைத்திருக்கிறான். அவனோடு தொலைபேசியில் பேசினேன். "சின்ன வயசுக் கிறுக்குடா அது, விட்டுத்தொலை" என்றான். அந்த வீம்பிலேயே சாவுக் காட்சியை எடுக்கப் போனேன்.

அதே தெரு, அதே குளிர். நுர்தாய் விழ வேண்டும். விழுந்தான். நான் 'போதும்' என்று சொல்லுமுன் எழுந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பல்லிடுக்கில் விசிலடித்தபடி நடந்தான். அக்கா, அது தொலெகெனின் விசில். வீட்டுக்குள் விசிலடித்தால் செல்வம் போய்விடும் என்று அம்மா திட்டுவாளே, அதே விசில். நுர்தாயிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பனி அவனை மறைக்கும்வரை போனான், திரும்பியும் பார்க்கவில்லை.

நெடுநேரம் காணோம். எல்லோரும் கத்திக் கூப்பிட்டுத் தேடினோம். முனைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். "அந்த விசில் யாருடா சொல்லிக் கொடுத்தது?" என்று சட்டையைப் பிடித்தேன். "யாருண்ணா சொல்லித்தரணும்? குளிருது, வாய் தானா ஊதுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இப்போதும் விடுதிப் பக்கம் போனால் அந்த விசில் காதில் விழுகிறது. பயமாக இருக்கிறது, அக்கா.

அதையே கடைசிக் காட்சியாக வைத்துவிட்டேன். அவன் பெயரையும் வைக்கவில்லை. முதலில் அவனைச் சாகவிட்டு எழுதியிருந்தேன் என்று அம்மாவுக்குத் தெரியாமலேயே இருக்கட்டும், நான் கொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள்
மக்சுத்

கர்கராலி
12 ஏப்ரல் 1999

அன்புத் தம்பிக்கு,

படம் வந்தது. அம்மா வெல்வெட் மேலங்கி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். அந்தப் பையன் ரொட்டியைக் கடித்ததும், "பார்த்தியா, எங்க வீட்டு ரொட்டி!" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். ஜீன்ஸுக்காக அடித்துக்கொண்ட இடத்தில் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். நீ நன்றாக எடுத்திருக்கிறாய். நீங்கள் அவ்வளவு சின்னப் பிள்ளைகளாக இருந்தீர்கள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

அவன் விசிலடித்தபடி பனிக்குள் போனான். விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்து போக, அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கூடத்தைப் பெருக்க வந்தவரிடம், "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"அவ்வளவுதான்மா, முடிஞ்சிருச்சு."

"வீட்டுக்கு வரலையே?"

"அதை எடுக்கலை போலருக்கு" என்றார் அவர், பாவம்.

வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: "கீழ விழுந்திருந்தா, 'பொய்யி, இது எம்புள்ள இல்ல'ன்னு எந்திரிச்சு வந்திருப்பேன். ஆனா நல்லாத்தானே நடந்து போனான். காலு இருக்கு, தெரு இருக்கு. உசுரோட இருக்குற எம்புள்ள வராம இருப்பானா, கலம்காஸ்?"

நான் கேட்டதைத்தான் நீ செய்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, என்மேலும் இல்லை. யார்மேலாவது இருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை ஏழு ரொட்டி சுட்டாள். அப்பா பெயருக்குப் பிறகு அவன் பெயரைச் சொன்னாள். சாதாரணமாக, சந்தைக்குப் போனவனைக் கூப்பிடுவதுபோலத்தான் சொன்னாள். பிறகு முக்காலியில் ஏறி மூட்டையை அவிழ்த்தாள். கல்லாகிப்போன ரொட்டி, விளிம்பில் அவன் பல் பட்ட இடம் அப்படியே இருந்தது.

"பேரைச் சொல்லியாச்சு. இனிமே இது இங்க தொங்கக் கூடாது" என்றாள். ரொட்டியை எறியக் கூடாதே, கோழிக்குப் போடட்டுமா என்று கேட்டேன். என்னை முறைத்தாள்.

"படத்துல அவன் இன்னும் நடந்துக்கிட்டுதானே இருக்கான்? நடக்கவிட்டவனே வெச்சுக்கட்டும். எனக்கு வயசாயிருச்சு, இனிமே மக்சுத் காத்திருக்கட்டும்."

அனுப்பாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பார்சலில் இருப்பது அதுதான். இப்போதெல்லாம் தபால்காரர் வந்தால் அம்மா எதுவும் கேட்பதில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் கொஞ்ச காலத்துக்குக் கடிதம் போடாதே, தம்பி.

ரொட்டியை எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடு. துணியை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். அம்மா சொல்லச் சொன்னாள்.

அக்கா
கலம்காஸ்