பாக்குக் கறை

பலாபத்வல
12.05.2025

அன்புள்ள ஜிப்ரி மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் உங்கள் தங்கை றிப்னாவின் மகள் நிஷ்மியா. நீங்கள் பெருநாளுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையில் இருந்து இந்த முகவரியை எடுத்தேன். பரீட்சை முடியும்வரை உம்மா போன் தரமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் கரையோர நகரம் ஒன்றின் வரலாறு பற்றி ஒப்படை எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் கோட்டையையும் வெளிச்சவீட்டையும் எழுதுகிறார்கள். நான் காலி நகரின் பேர்போன குற்றங்களையும் கைதுகளையும் எடுத்திருக்கிறேன். “ஏம்புள்ள, ஒனக்கு நல்ல மனுசங்களே கெடைக்கலியா?” என்று கெத்தரின் டீச்சர் சிரித்தார்.

இருபத்தாறு வருடமாக அங்கே இருக்கிறீர்கள். சனங்கள் இன்னும் பேசும் கதைகளை எழுதுங்கள், மாமா.

அன்பு மருமகள்
நிஷ்மியா

காலி
20.05.2025

அன்பு மகள் நிஷ்மியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தை நான் வேலை செய்யும் கயிற்றுக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். “ஓய் ஜிப்ரி, ஒமக்கும் சொந்தக்காரங்க இருக்காங்களா?” என்றார் முதலாளி.

அவர் சொன்ன கதை இது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒருவன் கப்பல் கப்டனின் மணிக்கூட்டைத் திருடிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனான். வழியில் பொலிஸ்காரர் மறித்தார். “தேங்காய் ஐயா” என்றான். அந்த நேரம் பார்த்துத் தேங்காய் பன்னிரண்டு அடித்தது.

பழைய கதைகளையே எழுது மகள். அண்மைக் காலத்துக் கதைகள் வேண்டாம். அந்த ஆட்கள் உயிரோடு இருப்பார்கள்.

உம்மா சுகமா?

மாமா ஜிப்ரி

பலாபத்வல
08.06.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சொல்லைக் கேட்கவில்லை, மன்னியுங்கள். பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் மாத்தளை நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பார்த்தேன். 1999 ஓகஸ்ட். ‘காலியில் நகைக்கடைக் காவலாளி கொலை: மாத்தளை இளைஞன் கைது.’ படத்தில் இருந்தவருக்கு என்னுடைய மூக்கு.

பையில் வளைந்த கத்தியாம், சட்டையில் இரத்தக் கறையாம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது மாமா, பிறகுதான் அழுகை. அது பாக்குக் குலை வெட்டும் கத்தி, கறை, காய்ந்தால் சிவக்கும் பச்சைப் பாக்கின் சாறு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். பாக்கு விற்கத்தானே போனீர்கள்?

ஆனால் இரண்டு நாள் கழித்து வந்த செய்தியில், ‘இது எங்கள் வீட்டுக் கத்தி அல்ல என்று குடும்பத்தினர் கூறினர்’ என்று இருக்கிறது. யார் அப்படிச் சொன்னது? உம்மாவிடம் கேட்டேன். அவர் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காய் முடிந்த பிறகும் கத்தி வெறும் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

2001 வரை புரட்டினேன். நீங்கள் விடுதலையான செய்தி எங்கேயும் இல்லை. அதை நான் எழுதட்டுமா?

நிஷ்மியா

காலி
15.06.2025

அன்பு மகளுக்கு,

எழுது.

குலை வெட்டிய சட்டையோடு பஸ் ஏறியது என் பிழை. கத்தியைப் பையில் மறந்ததும் என் பிழை. வீட்டுக் கத்தி இல்லையென்றால் கொலைக்காகத்தான் வாங்கியிருப்பான் என்று பொலிஸார் முடிவுகட்டிவிட்டார்கள். பதினொரு மாதம் உள்ளே இருந்தேன். உண்மையான ஆள் பிடிபட்ட பிறகு, “நீ போகலாம்” என்றார்கள். அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

யார் சொன்னது என்று நீதிமன்றத்தில் வாசித்தார்கள். நான் மறந்துவிட்டேன். வாசலில் ஜீப் வந்து நிற்கிறது, வீட்டில் ஆம்பிளை இல்லை, பதினாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கத்தியை இல்லையென்றால் கூடப்பிறந்த நானா தப்பிவிடுவார் என்று நினைத்திருக்கும். எனக்கு அந்தப் பிள்ளைமேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

முதலில் வெட்கத்தில் ஊருக்கு வரவில்லை. பிறகு, யாராவது வா என்று சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். இதை ஒப்படையில் போடாதே.

மாமா ஜிப்ரி

பலாபத்வல
02.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒப்படையைக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்துக்கு ‘பத்திரிகையில் வராத செய்தி’ என்று தலைப்பு. வகுப்பில் வாசித்தபோது கெத்தரின் டீச்சர் சிரிக்கவில்லை. “இத அந்தப் பத்திரிகைக்கும் அனுப்பு புள்ள” என்றார். அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மறந்து வைத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். திரும்பி வந்தபோது உம்மா அதைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. என்னை ஏசவில்லை.

இப்போது நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுப் பேனையைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

நிஷ்மியா

நானா, அது நம்ம வீட்டுக் கத்திதான். இல்லன்னு சொன்னது நான்தான். மரத்துல பாக்கு பழுத்துக் கெடக்கு. வாங்க.

றிப்னா