குறுக்கே கிடந்த ஒயர்கள்

அம்மா,

இரண்டு தடவை சோப்புப் போட்டும் விரல்களில் பெட்ரோல் வாடை போகவில்லை. இட்லி மாவு பாக்கெட்டுகளைக் காரில் கொண்டுபோய்க் கடைகளில் போட்டுவிட்டு வந்து எனக்குத் தலை வாரும்போது உன் கையிலும் இதே வாடைதான் அடிக்கும். நான் முகத்தைச் சுளிப்பேன். இப்போது அந்த வாடையோடுதான் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். அவருக்கு இது தெரியக் கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாலைந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் காரைக் கெடுத்தது நான்தான்.

போன ஞாயிறு பொள்ளாச்சி போய்வரும்போது மேட்டில் எஞ்சின் டக்டக்கென்று தட்டியது. அப்பா கவனிக்கவில்லை. "தட்டுச்சுன்னா, பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே பத்திக்குதுன்னு அர்த்தம்" என்று நீ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்ததும், அப்பா வருவதற்குள், பானெட்டைத் திறந்தேன். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று என்னுடைய சிவப்பு நெயில் பாலிஷால் நீ போட்ட கோடு அப்படியே இருந்தது. பெட்ரோல் பற்றும் டைமிங்கைத் தள்ளிவைக்க, போல்ட்டைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் திருப்பினேன். கொஞ்சம்தான் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி சமதரையிலேயே முக்கியது. சைலன்சர் பட்பட்டென்று வெடித்தது. அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். பயந்துபோய், புதன்கிழமை மறுபடியும் கோட்டுக்கே திருப்பி வைத்து ஸ்டார்ட் செய்தேன். முன்னைவிட மோசம். எஞ்சின் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. கோடு சரி, நான் வைத்ததும் சரி. பிறகு ஏன்?

நேற்று அப்பா கார் புரோக்கரிடம் போனில் பேசினார். "ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. என்ன சொல்றீங்களோ அதுக்குக் குடுத்துப்போடறேன்."

நீ போய்ப் பத்து மாதமாகிறது. உன் கைபட்ட கோடு உள்ள கார் என்னால் போகப்போகிறது.

ஒர்க்‌ஷாப் அண்ணன் உன்னைக் கேலி செய்தது ஞாபகமிருக்கிறதா? "ஏனுங்கக்கா, மாவாட்டறவங்களே டைமிங் வெச்சுக்கிட்டா நாங்க எங்கீங்க போறது?" நீ பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமலே, "எங்கூட்டுக்கு வந்து மாவாட்டுங்க தம்பி, கிரைண்டர் சும்மாதான கெடக்குது" என்றாய். கிரைண்டர் மாதிரி ஒரே சீராக ஓட வேண்டும், அவ்வளவுதான் உன் கணக்கு. நீ குனிந்து திருப்புவாய். நான் சீட் நுனியில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். "மிதி கண்ணு... விடு... மறுக்கா மிதி."

அது இரண்டு பேர் வேலை. இன்று காலைதான் அது எனக்கு உறைத்தது. மிதிக்க ஒரு கால் வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, காரைக் கெடுத்தது நானுங்க. டைமிங்கைத் திருப்பிப்போட்டேன்."

பேப்பர் இறங்கவில்லை. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னைக்கு?" என்றது பேப்பர்.

"திங்கக்கெழமைங்க."

"நான் செவ்வாக்கெழமை."

"என்னதுங்கப்பா?"

"பிளக்கெல்லாம் கழட்டித் தொடச்சு மாட்டினேன் கண்ணு. அதுல ரெண்டு ஒயரு குறுக்க கெடந்துச்சு. பாக்க நல்லால்லேன்னு நேரா மாட்டிப்போட்டேன்."

ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு! பிளக்குகள் பற்றும் வரிசையை மாவு பாக்கெட் அடுக்கும்போதுகூட முணுமுணுப்பாயே. "ஸ்கூல்ல எண்ணற மாதிரி இங்க எண்ணப்படாது சாமி" என்பாயே. அந்த ஒயர்கள் குறுக்கேதான் கிடக்க வேண்டும். மடித்த கைக்குட்டையையே மறுபடியும் மடிக்கிற அப்பாவுக்கு அது எப்படிப் பொறுக்கும்?

மாற்றி மாட்டினோம். உதறல் நின்றது. பிறகு அவர் சீட்டில், நான் உன் இடத்தில். "மிதிங்கப்பா... விடுங்க... மறுக்கா." உன் கோட்டிலிருந்து ஒரு நூல் பின்னால் தள்ளியபோது அந்தக் கிரைண்டர் சத்தம் வந்தது. மதுக்கரை மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். தட்டவேயில்லை. திரும்பி வந்ததும் அப்பா போனை எடுத்தார். "வர வேண்டாமுங்க. வண்டி ஊட்லயே இருக்கட்டும். அதைப் பாத்துக்க நாங்க ரெண்டு பேரு இருக்கறோம்."

உன் சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. பக்கத்தில் ஊதாவில் என் கோடு.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "நான் ஒயரை நேரா மாட்டினதை உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதே. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன்.

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியிருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? சொல்லிவிட்டேன்.

காட்டிக்கொடுத்துவிடாதே.