உப்பு மூட்டையைத் தொடாதீங்க

ஏங்க, லாரியை நிறுத்திட்டு வந்ததும் முதல்ல இதைப் படிங்க. சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. முதலாளி பங்களாவுக்கு விருந்தாளிங்க வராங்கன்னு சாமான் வாங்கப் போறேன். நாலு மணிக்கு வந்துடுவேன்.

நீச்சல் குளத்து மெஷின்ல "உப்பு கம்மி"னு சிவப்பு விளக்கு எரியும். நம்பாதீங்க. நான் அளந்து பார்த்துட்டேன், உப்பு சரியாத்தான் இருக்கு. உப்புத் தண்ணியிலேருந்து குளோரின் உண்டாக்குற தகட்டுல சுண்ணாம்பு படிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். கழட்டி, ஆசிட் கலந்த தண்ணியில ஊற வச்சுக் கழுவிட்டேன். திரும்ப மாட்டினா விளக்கு அணைஞ்சிடும்.

போன தடவை இதே விளக்கைப் பார்த்துட்டுத்தான் மூணு மூட்டை உப்பைக் கொட்டினீங்க. உப்பு கூடிப்போயி, பாதிக் குளத்தை இறைச்சு வேற தண்ணி விட்டேன். அந்தக் கோவத்துல நான் வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். நீங்களும் சாப்பிடாம லாரி ஏறிட்டீங்க. இன்னையோட நாப்பத்திமூணு நாள்.

தகட்டை நீங்களா மாட்டாதீங்க. ரெண்டு பேர் பிடிச்சாதான் உட்காரும்.

உங்க துண்டு கொடியில காயுது. போன வாரமே வந்துடுவீங்கன்னு அப்பவும் ஒரு தடவை துவைச்சேன்.

இன்னொண்ணு. ரெண்டு பேர் வேணும்னு எழுதினது பொய். மாசாமாசம் நான் ஒருத்தியாத்தான் மாட்டுறேன். இருந்தாலும் நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க.